தலைமறைவிலிருந்து மேயர் நாற்காலிக்கு: அருணா ஆசப் அலி

டில்லியில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு அருணா ஆசப் அலி மார்க் என்ற சாலை புதியதல்ல. தென் டில்லியில் வசந்த் குஞ்ச் பக்கம் செல்லும் அந்தச் சாலையில் பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் தினமும் ஆயிரக்கணக்கானோர் போய் வருகிறார்கள். பழைய டில்லிப் பக்கம் ராஜ்பூர் ரோட்டில் அதே பெயரில் ஓர் அரசு ஆஸ்பத்திரியும் இருக்கிறது. பம்பாயிலிருந்து மும்பையாக மாறிவிட்ட நகரத்தில், கிராண்ட் ரோடு ஸ்டேஷனுக்குச் சற்றுத் தொலைவில் உள்ள ஆகஸ்ட் கிராந்தி மைதானத்தின் பெயருக்குப் பின்னாலும் அவருடைய கதை இருக்கிறது. பெயர் நன்றாகத் தெரிந்த அளவுக்கு அந்த அம்மையாரின் வாழ்க்கை நம்மில் பலருக்குத் தெரியாது.

1942-ம் ஆண்டு பம்பாயில் கொடியேற்றிய வீராங்கனை என்று பள்ளிப் புத்தகம் இரண்டு வரியில் முடித்துவிடும். ஆனால் யுத்த காலத்தில் மூன்றரை ஆண்டுகள் போலீசின் கண்ணில் படாமல் வாழ்ந்த அதே பெண், பிறகு குடிதண்ணீர், சாக்கடை, குப்பை, பஸ் என்ற விவகாரங்களைப் பேசும் சபையின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தார். டில்லி மாநகராட்சியின் முதல் மேயர் அவர்தான். கொடியேற்றிய கதையைப் போலவே இந்தக் கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது.

பிறப்பும் படிப்பும்

அருணா கங்குலி 1909-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி கால்கா என்ற ஊரில் பிறந்தார். சிம்லாவுக்குப் போகும் மலை ரயில் புறப்படும் அந்த ஊர், அன்று பஞ்சாப் மாகாணத்தில் இருந்தது. இன்று அரியானாவில் இருக்கிறது. குடும்பம் வங்காளக் குடும்பம். தந்தை உபேந்திரநாத் கங்குலி கிழக்கு வங்காளத்தில் பாரிசால் பகுதியைச் சேர்ந்தவர். பிழைப்புக்காக வடக்கே வந்து ஓட்டல் நடத்தினார். தாய் அம்பாலிகா தேவி. தாயின் தந்தை திரைலோக்கியநாத் சன்யால், பிரம்ம சமாஜத்தின் தலைவர்களில் ஒருவர்; அந்தச் சமாஜத்துக்காக ஏராளமான பக்திப் பாடல்கள் இயற்றியவர். தந்தையின் சகோதரர்களில் ஒருவரான நாகேந்திரநாத் கங்குலி, கவி ரவீந்திரநாத் தாகூரின் கடைசி மகளை மணந்தவர்.

சொந்த ஊர் ஒரு பக்கம், பிழைக்கும் ஊர் மறு பக்கம் என்ற வாழ்க்கை அருணாவுக்குப் பிறவியிலேயே அமைந்தது. லாகூரிலும் நைனிடாலிலும் கான்வென்ட் படிப்பு. படிப்பு முடிந்ததும் கல்கத்தாவில் கோகலே நினைவுப் பள்ளியில் ஆசிரியை வேலை. அவருடைய தங்கை பூர்ணிமா பானர்ஜியும் பின்னாளில் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். நாட்டின் அரசியல் சாசனத்தை எழுதிய நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்த சில பெண்களில் ஒருவர்.

வீட்டாரை மீறிய திருமணம்

அலகாபாத்தில் அருணாவுக்கு ஆசப் அலியின் அறிமுகம் கிடைத்தது. டில்லியில் பெயர் பெற்ற வக்கீல் அவர், லண்டனில் சட்டம் படித்த பாரிஸ்டர், காங்கிரஸ்காரர். 1929-ல் மத்திய சட்டசபையில் குண்டு வீசிய வழக்கில் பகத்சிங்குக்கும் படுகேஸ்வர் தத்துக்கும் துணையாக வாதாட முன்வந்தவர். அருணாவைவிட 20 வயதுக்கு மேல் மூத்தவர். அவர் முஸ்லிம், அருணா இந்து.

1928-ல் திருமணம் நடந்தபோது அருணாவுக்கு வயது 19. தந்தை அப்போது உயிரோடு இல்லை. காப்பாளர் ஸ்தானத்தில் தம்மை வைத்துக்கொண்ட சிற்றப்பா நாகேந்திரநாத், பேராசிரியராக இருந்தும் இந்தக் கலப்புத் திருமணத்தை ஏற்கவில்லை. அருணா இறந்துவிட்டதாகவும், சிராத்தம் செய்து முடித்துவிட்டதாகவும் உறவினர்களிடம் சொல்லிவிட்டார். உயிரோடு இருக்கும் பெண்ணுக்குக் கருமாதி! படித்தவர்கள் வீட்டிலேயே அந்தக் காலத்தில் நிலைமை அப்படி. அருணா அதற்காகத் திரும்பிப் பார்க்கவில்லை. டில்லி அவருடைய ஊராயிற்று. சாகும் வரை அதுவே ஊராக இருந்தது.

நாடோடி என்று ஒரு வழக்கு

1930-ல் உப்பு சத்தியாக்கிரகம் வந்தது. டில்லியில் ஊர்வலங்களிலும் பொதுக்கூட்டங்களிலும் அருணா முன்னால் நின்றார். அவரைக் கைது செய்த சர்க்கார், ராஜத்துரோக வழக்குப் போடவில்லை. பிழைப்புக்கு வழியின்றித் திரியும் நாடோடி என்று வழக்குப் போட்டது! டில்லியின் முன்னணி வக்கீலின் மனைவி மீது இப்படி ஒரு குற்றச்சாட்டு. சிரிப்பாகத் தோன்றினாலும் அதற்குள் ஒரு தந்திரம் இருந்தது. நாடோடி என்று தண்டித்துவிட்டால் அவர் அரசியல் கைதி ஆகமாட்டார்.

1931-ல் காந்தி - இர்வின் ஒப்பந்தப்படி அரசியல் கைதிகள் எல்லாரும் விடுதலையானபோது அந்தத் தந்திரத்தின் பலன் தெரிந்தது. அருணாவுக்கு மட்டும் விடுதலை இல்லை. உடனிருந்த பெண் கைதிகள் ஒரு முடிவு எடுத்தார்கள். அருணாவை விடாமல் தாங்களும் சிறையை விட்டு வெளியே வரமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். காந்திஜி தலையிட்ட பிறகுதான் அவர்கள் வெளியே வரச் சம்மதித்தார்கள். ஊரிலும் கிளர்ச்சி எழுந்தது. கடைசியில் சர்க்கார் அருணாவை விட வேண்டியதாயிற்று.

மறு ஆண்டே மீண்டும் சிறை. 1932-ல் டில்லிச் சிறையில் அரசியல் கைதிகளை நடத்திய விதத்தைக் கண்டித்து அருணா உண்ணாவிரதம் இருந்தார். மற்றக் கைதிகளின் நிலை ஓரளவு சீர்ப்பட்டது. அதற்கான விலையை அவர் கொடுத்தார். அம்பாலா சிறைக்கு மாற்றி, தனிக்கொட்டடியில் அடைத்தார்கள். விடுதலையான பிறகு பத்து ஆண்டுகள் அவருடைய பெயர் அதிகமாக வெளியே தெரியவில்லை. ஆசப் அலியின் மனைவி என்றே பலரும் அவரை அறிந்திருந்தார்கள்.

கோவாலியா டேங்க்

1942-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி இரவு, பம்பாய் கோவாலியா டேங்க் மைதானத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்தை நிறைவேற்றியது. இரண்டாவது உலக யுத்தம் உச்சத்தில் இருந்த சமயம். ஜப்பான் படை பர்மாவைப் பிடித்துவிட்டது. யுத்தத்தின் நடுவே இப்படி ஒரு தீர்மானத்தைப் பொறுத்துக்கொள்ள சர்க்கார் தயாராக இல்லை. பொழுது விடிவதற்குள் காந்திஜியும் காரியக் கமிட்டித் தலைவர்களும் கைது செய்யப்பட்டார்கள். விக்டோரியா டெர்மினசிலிருந்து தனி ரயில் புறப்பட்டது. காந்திஜியைப் பூனாவில் ஆகாகான் மாளிகையில் வைத்தார்கள். மற்றத் தலைவர்களை அகமதுநகர் கோட்டைக்குக் கொண்டு போனார்கள். அவர்களில் ஆசப் அலியும் ஒருவர்.

கணவரை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போன அருணா, வீடு திரும்பவில்லை. நேரே கோவாலியா டேங்க் மைதானத்துக்குப் போனார். அன்று காலை அங்கே காங்கிரஸ் தலைவர் மவுலானா ஆசாத் கொடியேற்றுவதாக இருந்தது. ஆசாத் ரயிலில் கைதியாகப் போய்க்கொண்டிருந்தார். மைதானத்தில் ஜனங்கள் கூடிவிட்டார்கள். என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. அருணா மேடை ஏறி, தலைவர்கள் கைதான செய்தியைச் சொன்னார். மூவர்ணக் கொடியை ஏற்றினார். போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசியது, தடியடி நடத்தியது. கூட்டம் கலைந்து ஓடியது. அருணா அந்தக் கூட்டத்தோடு மறைந்தார்.

அன்று ஆகஸ்டு 9-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அருணாவுக்கு வயது 33. அதற்குப் பிறகு 1946 ஜனவரி வரை போலீசால் அவரைப் பிடிக்க முடியவில்லை.

மூன்றரை ஆண்டு தலைமறைவு

சிறைக்குப் போகிறவருக்குப் பொழுது விடிந்தால் எங்கே இருப்போம் என்பது தெரியும். தலைமறைவில் இருப்பவருக்கு அது தெரியாது. இன்று ஒரு வீடு, நாளை இன்னொரு வீடு. பம்பாய், கல்கத்தா, டில்லி என்று ஊர் ஊராக மாறிக்கொண்டே இருக்க வேண்டும். இடம் கொடுத்தவர்களுக்கும் ஆபத்து. சர்க்கார் அருணாவின் சொத்துக்களைப் பறிமுதல் செய்து விற்றது. அவரைப் பிடித்துக் கொடுப்பவருக்கு 5,000 ரூபாய் இனாம் என்று அறிவித்தது. அந்தக் காலத்தில் அது ஒரு குமாஸ்தாவின் பல ஆண்டுச் சம்பளம். இருந்தும் யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. அருணாவின் துணிச்சலைப் பற்றிப் பேசுகிறபோது, பெயர் தெரியாத அந்த வீட்டுக்காரர்களின் துணிச்சலையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஒளிந்து வாழ்வதோடு அவர் நிற்கவில்லை. ராம் மனோகர் லோகியாவுடன் சேர்ந்து 'இன்குலாப்' என்ற மாதப் பத்திரிகையை நடத்தினார். இளைஞர்கள் வன்முறையா அகிம்சையா என்ற வாதத்தில் காலம் கழிக்காமல் போராட்டத்தில் இறங்க வேண்டும் என்பது அதன் குரலாக இருந்தது. அச்யுத் பட்வர்த்தன், ஜெயப்பிரகாஷ் நாராயண் ஆகியோரும் தலைமறைவு இயக்கத்தை நடத்தியவர்கள். ஜெயப்பிரகாஷ் 1943-ல் பிடிபட்டார். லோகியா 1944-ல் பிடிபட்டார். அருணா பிடிபடவில்லை.

ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. இடைவிடாத அலைச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. டில்லி கரோல்பாகில் டாக்டர் ஜோஷியின் ஆஸ்பத்திரியில் அவரை மறைத்து வைத்துச் சிகிச்சை செய்தார்கள். பின்னாளில் தமிழர்கள் ஏராளமாகக் குடியேறி, இட்லிக் கடையும் பூக்கடையும் நிறைந்த இடமாகிப்போன அதே கரோல்பாக்தான்.

1944-ல் ஆகாகான் மாளிகையிலிருந்து விடுதலையான காந்திஜிக்கு அருணாவின் உடல்நிலை தெரிந்தது. தம் கையாலேயே ஒரு கடிதம் எழுதினார். அவருடைய துணிவையும் தியாகத்தையும் பாராட்டிவிட்டு, இப்படி ஒளிவில் கிடந்து உயிரை விட வேண்டாம், வெளியே வந்து சரணடைய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தன்னைப் பிடித்தால் கிடைக்கும் 5,000 ரூபாய் இனாமைத் தானே வாங்கி ஹரிஜனத் தொண்டுக்குக் கொடுத்துவிடலாம் என்றும் ஒரு யோசனை சொல்லியிருந்தார். காந்திஜியின் வார்த்தை என்றால் தேசமே கேட்ட காலம் அது. அருணா கேட்கவில்லை. வெள்ளைக்காரனிடம் சரணடைவதற்கு அவர் மனம் இடம் தரவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைப் பொக்கிஷமாகக் காப்பாற்றினார். பிற்காலத்தில் அவருடைய வீட்டு முன்னறையில் அது மாட்டி வைக்கப்பட்டிருந்தது. சொன்னதைக் கேட்காமல் இருப்பதும், சொன்னவரிடம் பக்தியோடு இருப்பதும் அவரிடம் ஒன்றாக இருந்தன.

1945 கடைசியில் டில்லி செங்கோட்டையில் நேதாஜியின் ஐ.என்.ஏ. அதிகாரிகள் மீது விசாரணை நடந்தது. எதிர்த்தரப்பு வக்கீல்கள் குழுவைத் திரட்டியவர்களில் ஆசப் அலி முக்கியமானவர். கணவர் கோர்ட்டில் சட்டம் பேசிக்கொண்டிருந்தார். மனைவி அதே சர்க்கார் தேடும் ஆளாக இருந்தார். 1946 ஜனவரி 26-ந் தேதி சர்க்கார் அவர் மீதிருந்த வாரண்டை வாபஸ் பெற்றது. அதற்குப் பிறகுதான் அருணா வெளியே வந்தார். வாரண்டு வாபசாகிற வரை பணியவில்லை என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

பெரியவர்களோடு பேதம்

வெளியே வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1946 பிப்ரவரி 18-ந் தேதி பம்பாயில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்தார்கள். கெட்ட சாப்பாடு, வெள்ளை அதிகாரிகளின் ஏச்சு என்று ஆரம்பித்த விஷயம், கப்பல்களிலிருந்து யூனியன் ஜாக் கொடியை இறக்குகிற அளவுக்குப் போயிற்று. பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ஆதரவு கொடுத்தார்கள். தெருவில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 200-க்கும் அதிகமானோர் மாண்டார்கள்.

மாலுமிகள் சரணடைவதே நல்லது என்று சர்தார் படேல் புத்தி சொன்னார். காந்திஜியும் கிளர்ச்சியை ஏற்கவில்லை. அருணா மாலுமிகளின் பக்கம் நின்றார். சட்டசபைப் பேச்சுவார்த்தைகளில் இந்துவையும் முஸ்லிமையும் சேர்ப்பதைவிடப் போராட்டக் களத்தில் சேர்ப்பது எளிது என்பது அவருடைய கட்சி. காந்திஜி பத்திரிகை மூலமாகவே அதை மறுத்தார். யார் சொன்னது சரி என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. மறு ஆண்டே பிரிவினையில் ஓடிய ரத்தத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த விவாதம் வெறும் வாய்ப்பேச்சாக இருக்க முடியாது. இந்துப் பெண்ணாகப் பிறந்து முஸ்லிமை மணந்து டில்லியில் வாழ்ந்த அருணாவுக்கு அது வீட்டு விஷயமாகவும் இருந்தது.

சுதந்திரத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே ஆசப் அலி அமெரிக்காவில் இந்தியாவின் முதல் தூதரானார். பிறகு ஒரிசாவின் கவர்னர். கடைசியாக ஸ்விட்சர்லாந்தில் தூதர். அருணா வேறு பாதையில் போனார். 1948-ல் சோஷலிஸ்ட் கட்சிக்கு வந்தார். அதுவும் திருப்தி தராமல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1953-ல் ஆசப் அலி ஸ்விட்சர்லாந்தில் காலமானார். மறு ஆண்டு இந்திய மாதர் தேசிய சம்மேளனம் உருவானபோது அதற்காக உழைத்தவர்களில் அருணா முக்கியமானவர். 1956-ல் ஸ்டாலினின் கொடுமைகளைக் குருஷேவ் அம்பலப்படுத்தினார். அந்த ஆண்டே அருணா கம்யூனிஸ்ட் கட்சியை விட்டு வெளியேறினார். மனத்துக்குச் சரியில்லை என்று தோன்றினால் கட்சி பெரிதல்ல என்பது அவர் வழக்கம்.

வீங்கிப்போன தலைநகரம்

அந்த வருஷங்களில் டில்லி எப்படி இருந்தது? 1941-ல் டில்லியின் ஜனத்தொகை சுமார் 9 லட்சம். பத்தே ஆண்டில், 1951-ல் அது 17 லட்சத்தைத் தாண்டியது. பிரிவினையில் பஞ்சாபிலிருந்தும் சிந்துவிலிருந்தும் வந்த அகதிகள் மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் பேர். மசூதிகள், பழைய கோட்டை, சமாதிகள், நடைபாதைகள் எல்லாவற்றிலும் குடும்பங்கள் தங்கின. சர்க்கார் இலாகாக்கள் பெருகப் பெருக, தெற்கிலிருந்து டைப்பிஸ்டுகளும் குமாஸ்தாக்களும் வந்தவண்ணம் இருந்தார்கள்.

இவ்வளவு ஜனங்களுக்கும் வசதி செய்து கொடுக்க வேண்டிய ஸ்தாபனங்கள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முனிசிபல் கமிட்டி. தண்ணீருக்கும் சாக்கடைக்கும் ஒரு போர்டு. மின்சாரத்துக்கு ஒரு போர்டு. பஸ்ஸுக்கு ஓர் அமைப்பு. ஒன்றின் கை மற்றொன்றுக்குத் தெரியாது.

இதன் விபரீதத்தை 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் டில்லி அனுபவித்தது. வெள்ளம் வடிந்ததும் யமுனை தன் போக்கை மாற்றிக்கொண்டது. நஜப்கட் சாக்கடையின் கழிவு, வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடம் வரை பின்னோக்கி வந்துவிட்டது. அந்தத் தண்ணீர் வீட்டுக் குழாய்களில் வந்தது. 29,000-க்கும் அதிகமானோருக்கு மஞ்சள் காமாலை கண்டது. கர்ப்பிணிப் பெண்களை அது கடுமையாகத் தாக்கியது. தேசத்தின் தலைநகரத்தில், பார்லிமெண்டு இருக்கும் ஊரில், குழாய்த் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு ஏற்பட்ட கதி இது. மருத்துவப் புத்தகங்களில் இன்றும் இந்தச் சம்பவம் பாடமாக இருக்கிறது.

இன்னொரு குறையும் இருந்தது. 1952-ல் டில்லிக்குக் கிடைத்த சட்டசபை, மாநில சீரமைப்பின்போது 1956-ல் கலைக்கப்பட்டது. டில்லி மத்திய சர்க்காரின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. ஜனங்கள் தங்கள் குறையைச் சொல்லச் சொந்தமாக ஒரு சபை இல்லாமல் போயிற்று.

முதல் மேயர்

இந்த இரண்டு குறைகளுக்கும் பதிலாகத்தான் டில்லி மாநகராட்சி வந்தது. 1957-ல் பார்லிமெண்டு அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. பம்பாய் கார்ப்பரேஷனின் 1888-ம் ஆண்டுச் சட்டம் அதற்கு மாதிரியாக இருந்தது. 1958 ஏப்ரல் 7-ந் தேதி மாநகராட்சி உதயமாயிற்று. சிதறிக் கிடந்த கமிட்டிகளும் போர்டுகளும் அதில் அடங்கின. குடிதண்ணீர், சாக்கடை, மின்சாரம், பஸ் எல்லாம் ஒரே குடையின் கீழ் வந்தன. புதுடில்லி முனிசிபல் கமிட்டியும் கண்டோன்மெண்டும் மட்டும் தனியாக நின்றன. கோல் மார்க்கெட்டில் சர்க்கார் குவார்ட்டர்சில் இருந்த குமாஸ்தா ஒரு நகரசபையிலும், கரோல்பாகில் வாடகை அறையில் இருந்த குமாஸ்தா இன்னொரு நகரசபையிலும் சேர்ந்தது இதனால்தான்.

ஜனங்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள் கூடினார்கள். முதல் மேயராக அருணா ஆசப் அலியைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவர் கம்யூனிஸ்ட் கட்சியை விட்டு வந்திருந்தார். காங்கிரசில் மீண்டும் சேர்ந்திருக்கவில்லை. சென்னையில் அதற்கு முந்தைய ஆண்டு தாரா செரியன் மேயராகியிருந்தார். அடுத்த ஆண்டே தலைநகரத்திலும் ஒரு பெண் அந்த நாற்காலிக்கு வந்தார். அவரைப் பிடிக்க இனாம் அறிவித்த சர்க்கார் போய்ப் பதினோரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய சாந்தினி சவுக் டவுன் ஹால்தான் புதிய மாநகராட்சியின் இருப்பிடம்.

மேயர் பதவி என்றால் சர்வ அதிகாரமும் கையில் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. சட்டப்படி நிர்வாக அதிகாரம் கமிஷனரிடம் இருந்தது. கமிஷனரை நியமிப்பது மத்திய சர்க்கார். பண விஷயங்களில் ஸ்டாண்டிங் கமிட்டிக்குத்தான் பிடி அதிகம். மேயர் சபையை நடத்துவார். நகரத்தின் சார்பில் பேசுவார். ஆண்டுக்கு ஒருமுறை மறுதேர்தல். உத்தரவு போட்டுக் காரியம் நடத்த முடியாது. வாதாடியும் வற்புறுத்தியும்தான் நடத்த வேண்டும்.

ஏகாதிபத்தியத்தை எதிர்த்து மூன்றரை ஆண்டு ஒளிந்து போராடியவருக்கு இது எப்பேர்ப்பட்ட மாறுதல்! தலைமறைவில் எதிரி யார் என்பது தெளிவு. மாநகராட்சியில் எதிரி என்று யாரைக் காட்டுவது? குழாயில் தண்ணீர் வராததற்கு வெள்ளைக்காரனைக் குறை சொல்ல முடியாது. சாக்கடை அடைத்துக்கொண்டால் கொடியேற்றித் தீராது. பைப் வாங்கப் பணம் வேண்டும். குழி தோண்ட ஆள் வேண்டும். கோப்பு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர வேண்டும். இந்த வேலையில் கைதட்டல் கிடைப்பதில்லை. அருணா அதைத் தாழ்வாக நினைத்து ஒதுக்கவில்லை என்பதுதான் அவருடைய பெருமை. ஜனநலம், மத ஒற்றுமை ஆகிய காரியங்களில் கிருஷ்ண மேனன், சுபத்ரா ஜோஷி போன்றவர்களுடன் சேர்ந்து டில்லிக்காக உழைத்தார். பிரிவினையின் காயம் ஆறாத ஊரில், ஆசப் அலி என்ற பெயரைத் தாங்கிய ஒரு பெண் முதல் குடிமகளாக உட்கார்ந்ததே ஒரு செய்திதான்.

அந்த நாற்காலியில் அவர் நெடுங்காலம் இருக்கவில்லை. பதவியைப் பிடித்துத் தொங்குவது அவர் சுபாவம் அல்ல. அவர் எம்.பி.யாக இருந்ததில்லை, மந்திரியாக இருந்ததில்லை. எத்தனையோ தியாகிகள் பெரிய பதவிகளுக்குப் போன காலத்தில், அவர் ஏற்ற பெரிய பதவி இந்த மேயர் பதவி ஒன்றுதான்.

பேனா பிடித்த காலம்

மாநகராட்சி பிறந்த 1958-ம் ஆண்டிலேயே 'லிங்க்' என்ற ஆங்கில வாரப் பத்திரிகையும் பிறந்தது. இடதட்டா நாராயணனும் அருணாவும் அதை முன்னின்று தொடங்கினார்கள். பிறகு 1963-ல் 'பேட்ரியட்' என்ற தினசரி வந்தது. நேரு, கிருஷ்ண மேனன், பிஜு பட்நாயக் ஆகியோரின் ஆதரவு இந்த முயற்சிகளுக்கு இருந்தது. இடதுசாரிக் கருத்துள்ள பத்திரிகைகளாக அவை டில்லி அரசியல் வட்டாரத்தில் செல்வாக்குப் பெற்றன. உள்விவகாரங்கள் முற்றியபோது அருணா அதிலிருந்தும் விலகினார்.

1964-ல் காங்கிரசில் மீண்டும் சேர்ந்தார். ஆனால் தீவிர அரசியலில் இறங்கவில்லை. பெண் கல்வி, பெண்களின் உரிமை, உலக சமாதானம் ஆகியவை அவருடைய கடைசிக் காலப் பணிகளாயின. அந்த ஆண்டுக்கான லெனின் சமாதானப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1991-ல் சர்வதேச நல்லிணக்கத்துக்கான ஜவஹர்லால் நேரு விருது. 1992-ல் பத்ம விபூஷண்.

1996-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி அருணா ஆசப் அலி டில்லியில் காலமானார். வயது 87. மறு ஆண்டு, 1997-ல், அவருக்குப் பாரத ரத்னா பட்டம் அளிக்கப்பட்டது. நம் ராமேசுவரத்து அப்துல் கலாமுக்கும் பாரத ரத்னா கிடைத்தது அந்த ஆண்டில்தான். 1998-ல் தபால் இலாகா அருணாவின் படத்துடன் ஸ்டாம்பு வெளியிட்டது.

மிஞ்சியிருப்பது

அவர் தலைமை வகித்த மாநகராட்சி பிறகு பல மாறுதல்களைக் கண்டது. பஸ் போக்குவரத்து 1971-ல் மத்திய சர்க்காரிடம் போய் டி.டி.சி. ஆயிற்று. மின்சாரமும் குடிதண்ணீரும் பின்னாளில் வேறு கைகளுக்குப் போயின. 2012-ல் மாநகராட்சி மூன்றாகப் பிரிக்கப்பட்டது. 2022-ல் மீண்டும் ஒன்றாக்கப்பட்டது. மேயருக்கு எவ்வளவு அதிகாரம், மத்திய சர்க்காருக்கு எவ்வளவு என்ற தகராறும் தீரவில்லை. 1958-ல் இருந்த கேள்விதான் அது.

வெளியூரிலிருந்து டில்லிக்குப் பிழைக்க வந்தவன் முதலில் தேடுவது ஒரு வாடகை அறை, ஒரு குழாய், வேலைக்குப் போக ஒரு பஸ். பார்லிமெண்டில் நடக்கும் விவாதத்தைவிட இந்த மூன்றும்தான் அவனுடைய நாளை நல்ல நாளாகவோ கெட்ட நாளாகவோ ஆக்குகின்றன. நாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்த ஒருவர், இந்த மூன்றும் தம் தகுதிக்குக் குறைந்த விஷயங்கள் என்று எண்ணாமல் அவற்றைப் பேசும் சபைக்கு வந்தார். கோவாலியா டேங்க் மைதானத்தில் கொடியேற்றச் சில நிமிஷங்கள் போதும். அந்தக் கொடியின் கீழ் ஒரு நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொடுப்பது தலைமுறைகளின் வேலை. அருணா ஆசப் அலி இரண்டுக்கும் கை கொடுத்தவர்.